அண்ணாமலையும் இரு பருவ மழையும்

திருவண்ணாமலை நகரினின்றும் செங்கம் சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர், சிறிது தூரத்தில் வலப்புறம் ரமணாசிரமத்தைக் காண்பர். ஆசிரமத்தின் பின்புறத்தே மலை நேராக எழுந்து நிற்கிறது. கார்த்திகைத் திங்களில் ஒரு காலைப் பொழுதில் அங்கு நின்று நோக்கின், மலையின் முடி முகிலுள் மறைந்திருக்கும். பாறைகளின் இடையே சிற்றருவிகள் வெள்ளிக் கம்பிகள் போல் இழியும். அதே இடத்திற்குச் சித்திரைத் திங்களில் மீண்டும் செல்லின், புல்லெல்லாம் காய்ந்து, பாறைகள் அனல் வீசக் காண்போம். ஆண்டு ஒன்றினுள் ஒரே மலை இவ்வாறு இரு வேறு தோற்றம் கொள்வதற்குக் காரணம் யாது? இம்மலைக்கு மழை எங்கிருந்து வருகிறது? வந்த மழை எங்கே செல்கிறது? இவ்வினாக்களுக்கு நிலநூலும் வானிலை நூலும் கூறும் விடைகளை இக்கட்டுரையில் ஆராய்வோம். இவற்றை அறிதல் தேர்வுக்கு மட்டும் பயன்படுவதன்று; மலையடியில் வாழும் மக்களின் உயிருக்கும் உணவிற்கும் உரிய செய்தி இதனுள் அடங்கியுள்ளது என்பது இறுதியில் விளங்கும்.

நிலத்தின் அமைப்பு

திருவண்ணாமலை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12¼ பாகையில் அமைந்துள்ளது. வங்கக் கடலின் கரை இதற்குக் கிழக்கே நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் உளது. மேற்கிலும் வடமேற்கிலும் சவ்வாது மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. அம்மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கம், கலசபாக்கம் முதலிய ஊர்ப்புறங்களைக் கடந்து வடகிழக்கே சென்று பாலாற்றில் கலக்கிறது. தெற்கே, கருநாடக நாட்டு நந்தி மலையில் தோன்றிய தென்பெண்ணை, சாத்தனூர் அணையைக் கடந்து கடலூர்ப் பக்கமாகச் செல்கிறது. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன் நாட்டையும், நவிர மலையையும், சேயாற்றையும் பாடுவது. ஆகவே இந்நாட்டின் மலையும் ஆறும் நம் முன்னோர் கூர்ந்து நோக்கிய பொருள்களே என்பது தெளிவு.

அண்ணாமலை கடல்மட்டத்திற்குமேல் 800 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது. சுற்றிலும் உள்ள சமவெளியினின்றும் கணக்கிடின், அஃது 600 மீட்டருக்குமேல் தனித்து உயர்ந்து நிற்கிறது. இதனை வலம் வரும் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். தொடர்மலையின் பகுதியாக அமையாமல் வெளியில் தனித்து நிற்கும் இத்தகைய குன்றினை எச்சக்குன்று என்பர். சுற்றியிருந்த நிலம் வெயிலாலும் மழையாலும் காற்றாலும் பன்னெடுங்காலம் தேய்ந்து தாழ, தேயாது எஞ்சி நின்ற பகுதியே அது.

சைவ சமயத்தார் இத்தலத்தைப் பஞ்ச பூதத் தலங்களுள் அக்கினித் தலமாகப் போற்றுவர். அதனைக் கேட்ட சிலர், இம்மலை முற்காலத்தில் எரிமலையாக இருந்தது என்று கூறுவதுண்டு. நிலநூல் அவ்வாறு கூறவில்லை. இப்பகுதியின் அடித்தளமாகிய பாறைகள், நைஸ், சார்னோக்கைட் முதலிய வகையினவாய், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை. நிலத்தின் மேற்பரப்பில் எரிகுழம்பாய் வழிந்து ஆறியவை அல்ல. பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருப்பெற்று, மேலிருந்த அடுக்குகள் அரிக்கப்பட்டபின் வெளிப்பட்டவை. சார்னோக்கைட் என்னும் பெயரும் நம் நாட்டிற்கு உரியதே. கல்கத்தா நகரில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லாக அமைந்த பாறை இவ்வகையினது. தாமஸ் ஹாலண்டு என்னும் நிலநூலார் அவர் பெயரால் இதனை வழங்கினார். சென்னையை அடுத்த பல்லாவரத்துக் குன்றுகள் இப்பாறைக்கு எடுத்துக்காட்டாக உலகெங்கும் அறியப்பட்டவை.

இவ்வகைப் பாறைகளின் இயல்பு ஒன்றை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். இவை பஞ்சுபோல் நீரை உறிஞ்சுவன அல்ல. இவற்றின் வெடிப்புக்களிலும், மேலே சிதைந்து மண்ணாகிய மெல்லிய போர்வையிலும் மட்டுமே நீர் தங்கும். அன்றியும், பகலில் வெயிலால் விரிந்தும் இரவில் குளிர்ந்து சுருங்கியும், வெடிப்பில் இறங்கிய நீரால் சிதைந்தும், பாறை உருண்டைக் கற்களாகப் பிரிகிறது. அண்ணாமலையின் சரிவுகளில் யானைகள் படுத்திருப்பது போல் காணப்படும் பெருங்கற்கள் இவ்வாறு உண்டானவை. அவற்றுள் பல, சிதைந்த மண்ணின்மேல் அமர்ந்திருப்பவை. இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

காற்றின் போக்கு

இனி மழையைக் கொணரும் காற்றை நோக்குவோம். நம் முன்னோர் நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் இட்டனர்: தெற்கினின்று வருவது தென்றல், வடக்கினின்று வருவது வாடை, கிழக்கினின்று வருவது கொண்டல், மேற்கினின்று வருவது கோடை. கொண்டல் என்னும் சொல்லுக்கு மழைமுகில் என்னும் பொருளும், கோடை என்னும் சொல்லுக்கு வெயிற்காலம் என்னும் பொருளும் உண்மையை எண்ணுக. நம் நாட்டின் வானிலை முழுவதும் இவ்விரு சொற்களில் அடங்கிக் கிடக்கிறது எனலாம்.

கதிரவன் ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாகப் பெயர்ந்து செல்லுதலால், திருவண்ணாமலைக்கு நேர் உச்சியில் ஆண்டிற்கு இருமுறை, ஏப்ரல் 22-ஆம் நாள் வாக்கிலும் ஆகஸ்டு 20-ஆம் நாள் வாக்கிலும், நிற்கிறான். சித்திரை வைகாசியில் வெப்பம் 40 பாகை செல்சியஸை எட்டுவதும் உண்டு. அக்காலத்தில் ஆசியப் பெருநிலம் சுற்றியுள்ள கடலைக் காட்டிலும் விரைவில் சூடேறுகிறது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழ, கடலின்மேல் உள்ள ஈரக்காற்று நிலத்தை நோக்கி ஓடி வருகிறது. இக்காரணத்தை முதன்முதலில் தெளிவாக எழுதியவருள் ஒருவர் எட்மண்டு ஹாலி என்னும் வானநூலார். அவர் 1686-ஆம் ஆண்டிலேயே இதுபற்றிய கட்டுரையும் படமும் வெளியிட்டார். பூமியின் சுழற்சியால் அக்காற்று வலப்பக்கம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது என்பதும், கதிரவனைத் தொடர்ந்து வடக்கும் தெற்குமாக இடம்பெயரும் தாழ்வழுத்த வளையம் ஒன்று பூமியைச் சூழ்ந்துள்ளது என்பதும் பின்வந்த அறிஞரால் சேர்க்கப்பட்டன. ஆங்கிலத்தில் மான்சூன் என வழங்குவது, பருவம் என்னும் பொருளுடைய மௌசிம் என்னும் அரபுச் சொல்லினின்றும் பிறந்ததாகும்.

தென்மேற்குப் பருவம்

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையை அடைகிறது. மேற்கு மலைத்தொடர் அதனைத் தடுத்து மேலேற்றுகிறது. மேலேறும் காற்றுக் குளிர்ந்து, தான் சுமந்த நீரை ஆங்கே சொரிகிறது. அதனால் மங்களூர்ப் புறத்தில் ஆண்டிற்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் காற்றோ, ஆயிரம் மீட்டர் இறங்குதற்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறி வறண்டுபோகிறது. ஆனி ஆடித் திங்களில் அண்ணாமலையடியில் மேற்கினின்று புழுதி வாரி வீசும் காற்று இதுவே. நம் முன்னோர் மேல்காற்றிற்குக் கோடை என்று பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்!

ஆயின், தமிழ்நாடு தென்மேற்குப் பருவத்தில் மழையே பெறுவதில்லை என்று பாடநூலில் படித்த மாணவர், திருவண்ணாமலைக்கு வந்து பார்ப்பின் வியப்படைவர். இவ்வூரின் ஆண்டு மழை சராசரியாக 1,000 மில்லிமீட்டர் அளவினது. அதில் தென்மேற்குப் பருவ மாதங்களாகிய ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பெய்வதும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்வதும் ஏறக்குறைய ஒத்த பங்கினவாம். மழைமறைவில் உள்ள நிலத்திற்கு இம்மழை எங்ஙனம் வந்தது?

அதன் விடை பிற்பகல் வானத்தில் உளது. காலை முழுதும் வெயில் காய, நிலத்தை ஒட்டிய காற்றுச் சூடேறி மேலெழுகிறது. கடற்பக்கத்தினின்று உள்நோக்கி வரும் ஈரக்காற்றும் மேற்கினின்று வரும் காற்றும் சந்திக்கும் இடங்களில் இவ்வெழுச்சி வலுப்பெறுகிறது. மேற்கே உள்ள மேட்டு நிலங்களிலும் சவ்வாது மலை முதலியவற்றின் மேலும் பிற்பகலில் முகில்கள் கோபுரம்போல் உயர்ந்து, இடியும் மின்னலுமாய்ப் பழுத்து, மேல்வானத்து மேல்காற்றால் தள்ளப்பட்டுக் கிழக்கே நகர்கின்றன. மாலையிலும் முன்னிரவிலும் இவை அண்ணாமலையை அடைந்து ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்க்கின்றன. ஆவணி புரட்டாசியில் இம்மழை மிகும். தமிழிலக்கணம் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, ஆவணி புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் கூறும். கார் என்பது மாலை இடிமழைக் காலம். கூதிர் என்பது வாடையோடு கூடிய அடைமழைக் காலம். இரு பருவத்தையும் ஏறக்குறையச் சமமாக நுகரும் இவ்வூரில் இப்பாகுபாட்டின் உண்மை கண்கூடாக விளங்குகிறது.

உழவரும் இவ்வேறுபாட்டை நன்கறிவர். இப்பக்கத்தார் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையை ஆனி ஆடியில் மானாவாரியாக விதைத்து, கார்மழையை நம்பி வளர்க்கின்றனர். சம்பா நெல்லோ ஏரி நிறைதலை எதிர்நோக்குவது. ஏரியை நிறைப்பது பெரும்பாலும் கூதிர்மழை. ஆகவே முதற் பருவம் புன்செய்க்கும், இரண்டாம் பருவம் நன்செய்க்கும் தாய் எனல் தகும்.

வடகிழக்குப் பருவம்

அக்டோபரில் வடநிலம் குளிரத் தொடங்க, காற்றின் போக்கு மாறுகிறது. வடகிழக்கினின்று வீசும் காற்று வங்கக் கடலின் மேல் வருங்கால் ஈரத்தை முகந்து, ஏறத்தாழ அக்டோபர் 20-ஆம் நாளையொட்டித் தமிழ்நாட்டுக் கரையை மழையோடு அடைகிறது. கடற்கரையில் இம்மழை மிகுதி. உள்நாட்டிற்குச் செல்லச் செல்லக் குறையும். கடலினின்று 90 கிலோமீட்டர் உள்ளே உள்ள திருவண்ணாமலைக்கு இப்பருவத்தின் மழை அன்றாடம் ஒழுங்காகக் கிடைப்பதன்று. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வழுத்த மண்டலங்களும் புயல்களும் கரை கடந்து உள்ளே வரும் நாள்களிலேயே பெரும்பகுதி கிடைக்கிறது. புயல் இல்லையேல் பஞ்சம். புயல் மிகின் வெள்ளம். இஃதே இப்பருவத்தின் இயல்பு.

ஆண்டுக்கு ஆண்டு இது மாறும் அளவு வியக்கத்தக்கது. 2015-ஆம் ஆண்டில் தமிழ்நாடு முழுவதற்கும் வடகிழக்குப் பருவ மழை வழக்கத்தினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது அவ்வாண்டிலேயே. அதற்கு அடுத்த 2016-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 17 சென்டிமீட்டர் அளவே பெய்தது. இரு பருவமும் ஒருங்கே பொய்ப்பின் விளைவது யாது என்பதற்கு 1876-ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டுத் தவற்றால் சென்னை மாகாணத்தில் எழுந்த பெரும்பஞ்சம் 1878-ஆம் ஆண்டு வரையில் நீடித்துப் பல லட்சம் மக்களின் உயிரைக் குடித்தது. ஆற்காட்டுச் சீமையும் அதில் பெரிதும் வாடிற்று. 1904-ஆம் ஆண்டு முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக விளங்கிய கில்பர்ட் வாக்கர், இத்தகைய பஞ்சங்களை முன்னறிதற்பொருட்டு உலகின் பல இடங்களின் காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டு, பசிபிக் கடலிலும் இந்தியக் கடலிலும் அழுத்தம் ஊசல்போல் மாறி மாறி ஏறி இறங்குதலைக் கண்டறிந்தார். தொலைவிலுள்ள பசிபிக் கடலின் நீர் சூடேறும் ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவம் பலமுறை தளர்கிறது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமோ வலுக்கும் இயல்பினது. அண்ணாமலையடியில் ஓர் உழவன் ஏர் பூட்டுவதும் பூட்டாமையும் உலகின் மறுபுறத்துக் கடலோடு தொடர்புடையது என்பது எண்ணுந்தொறும் வியப்புத் தருகிறது.

வந்த மழை எங்கே செல்கிறது?

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யின் அஃது ஒரு லிட்டர் நீர். மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர்ப் பாதையை ஒரு வட்டம் எனக் கொண்டால், அதனுள் அடங்கும் பரப்பு ஏறத்தாழ 15 சதுர கிலோமீட்டர். அதன்மேல் ஆண்டு முழுதும் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்யின், கிடைக்கும் நீர் ஒன்றரைக் கோடி கன மீட்டர். 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அதில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கு நீரை இவ்வொரு மலையும் அதன் அடிவாரமும் ஆண்டுதோறும் வானத்தினின்று பெறுகின்றன. இஃது எளிய தொகையன்று. ஆயினும் கோடையில் நகரத்துக் கிணறுகள் வற்றுகின்றன. காரணம், அந்நீர் ஆண்டு முழுதும் சிறுகச் சிறுக வருவதன்று. சில நாள்களில், அந்நாள்களிலும் சில மணிகளில் வருவது. அதனைப் பிடித்து நிறுத்தும் பொருள் சரிவில் இருப்பின் அது ஊற்றாகும், இல்லையேல் ஓடிப்போகும்.

மலையின் நீர்நிலையை உணர்தற்கு ரமண மகரிஷியின் வாழ்க்கையே ஒரு சான்று தருகிறது. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலைக்கு வந்த அவர், 1899 முதல் 1916 வரையில் கிழக்குச் சரிவிலுள்ள விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். கோடைக்காலத்தில் அவ்விடம் வெப்பமும் நீர்க்குறையும் உடையதாதலால், முலைப்பால் தீர்த்தத்தை அடுத்த மாமரக் குகைக்குப் பெயர்ந்து இருப்பது வழக்கம். பின்னர் 1916-இல் சற்று உயரத்தேயுள்ள கந்தாசிரமத்திற்குச் சென்றார். அங்கே மரநிழலும் ஊற்றும் உண்டு. 1922-ஆம் ஆண்டில் தெற்கு அடிவாரத்திற்கு இறங்கி வந்தபின் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது; அதனை அடுத்தே பாலி தீர்த்தம் உளது. துறவியாயினும் நீர் உள்ள இடத்தை நாடியே உறைய வேண்டியிருந்தது என்பது இதனாற் பெறப்படும். அவ்வூற்றுக்களோ பாறை வெடிப்புக்களில் இறங்கிய மழைநீர், மலையிடுக்குகளில் மீண்டும் வெளிப்படுதலால் ஆனவை. மேலே மண்ணும் மரமும் நீரைத் தாங்கி மெல்ல இறக்கினாலன்றிக் கீழே ஊற்றுச் சுரப்பதில்லை.

மலையினின்று வழியும் நீரைத் தாங்குதற்கு முன்னோர் அடிவாரத்தைச் சுற்றிலும் குளங்களையும், சிறிது அப்பால் ஏரிகளையும் அமைத்தனர். வலம் வரும் வழியிலுள்ள தீர்த்தங்கள் நீராடுவோருக்கு மட்டும் உதவுவன அல்ல. சரிவின் வேகத்தை அடக்கி, வண்டலைத் தங்கவைத்து, நீரை நிலத்துள் இறக்கும் கருவிகளும் ஆம். அவற்றிற்கு அப்பால் ஏரிகள், கலிங்கல் வழியே ஒன்றன் உபரி மற்றொன்றிற்குச் செல்லும் வண்ணம் சங்கிலிபோல் அமைந்தவை. வரத்துக் கால்வாய் அடைபடின் ஏரி நிறையாது. கலிங்கல் அடைபடின் கரை உடையும். ஆகவே கால்வாயின்மேல் ஒரு வீடு எழும்பின், அவ்வீட்டாருக்கு மட்டும் தீங்கன்று. மேலும் கீழும் உள்ள ஊரெல்லாம் அதன் பயனை நுகரும்.

2024-ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

மேற்கூறியவை அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சியை இனிக் கூற வேண்டும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு பெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விரைந்து செல்ல வேண்டிய புயல் கரையருகே பல மணி நேரம் அசையாது நின்றது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. பின்னர் அது மெல்ல மேற்கே நகர்ந்து, திருவண்ணாமலை மாவட்டத்தையும் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் நனைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஓராண்டில் பெய்வதில் ஏறத்தாழப் பாதி ஒரு பகலிலும் ஓர் இரவிலும் பெய்தது என்றால் அதன் கடுமையை உணரலாம். டிசம்பர் 2-ஆம் நாள் விடியற்காலையில் சாத்தனூர் அணையினின்று வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையூர்கள் கடலூர் வரையில் வெள்ளத்தில் மூழ்கின.

அதற்கு முன்னாள் மாலை, டிசம்பர் முதல் நாள், அண்ணாமலையின் அடிவாரத்து வ.உ.சி. நகரில் மலைச்சரிவினின்று மண்ணும் பெருங்கற்களும் பெயர்ந்து வீடுகளின்மேல் வீழ்ந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். அவருள் ஐவர் சிறுவர்.

இது நிகழ்ந்த முறையை ஆராய்வோம். பாறையின்மேல் உள்ள சிதைந்த மண் போர்வை மெல்லியது என்று முன்னர்க் கூறினோம். பெருமழையில் நீர் அம்மண்ணுள் இறங்குகிறது. கீழேயுள்ள கடினப் பாறையோ அதனை விரைவில் உட்கொள்வதில்லை. ஆதலின் மண்ணுக்கும் பாறைக்கும் இடையே நீர் தேங்கி, மண்ணின் துகள்களை ஒன்றோடொன்று பிணிக்கும் உறுதியைத் தளர்த்துகிறது. நீரால் மண்ணின் பாரமும் கூடுகிறது. அம்மண்ணின்மேல் அமர்ந்திருந்த உருண்டைக் கற்கள் பிடிமானம் இழந்து உருள்கின்றன. மரத்தின் வேர்கள் மண்ணைத் தைத்து வைத்திருப்பின், ஓரளவுக்கு இதனைத் தடுக்கும். சரிவை வெட்டிச் சமமாக்கியிருப்பின், அஃது அடிமிதியை எடுத்துவிட்டதற்கு ஒப்பாகும். இத்துணைப் பெருமழைக்கு முன் காடும் முழுக்காவல் அன்று என்பது உண்மையே. ஆயினும், கற்கள் உருண்டு வரும் வழியில் மக்கள் குடியிராதபடி செய்தல் மனிதரின் கையிலேயே உளது.

அம்மாதம் 13-ஆம் நாள் கார்த்திகைத் தீபம் வந்தது. வல்லுநர் மலையை ஆராய்ந்து, ஈரமுற்ற சரிவு உறுதியற்றது எனக் கூறியமையால், அவ்வாண்டு பக்தர் மலையேறுதற்கு அனுமதி அளிக்கப்படவில்லை. தீபம் வழக்கம்போல் முடியில் ஏற்றப்பட்டது. மக்கள் கீழே நின்று கண்டனர். கூதிர்ப்பருவத்தின் நடுவே அமைந்த அவ்விழா, மழையோடும் மலையோடும் மக்களுக்குள்ள உறவை அவ்வாண்டு புதிய முறையில் நினைவூட்டிற்று.

காடும் நீரும்

அண்ணாமலை முற்காலத்தில் மரஞ்செறிந்திருந்தது. விறகுக்காக மரம் வெட்டுதலாலும், ஆடுமாடு மேய்தலாலும், கோடைதோறும் பற்றும் நெருப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் மொட்டையாயிற்று. மழைக்காலத்தில் ஆளுயரம் வளரும் புல், பங்குனி சித்திரையில் காய்ந்து, ஒரு பொறி வீழினும் மலை முழுதும் பற்றிக்கொள்கிறது. நெருப்பு இளமரங்களைக் கொன்று புல்லையே மீண்டும் வளர்க்கிறது. அப்புல் அடுத்த ஆண்டு நெருப்பிற்கு உணவாகிறது. இச்சுழலை உடைத்தற்பொருட்டு 1988-ஆம் ஆண்டு முதல் அண்ணாமலை ரீபாரஸ்டேஷன் சொசைட்டி என்னும் சங்கமும், பின்னர் வேறு தொண்டரும், வனத்துறையினரும் மரம் நட்டும், நெருப்புத் தடுப்புப் பாதைகள் வெட்டியும், தீப்பற்றிய இரவுகளில் தழைக்கொத்துக்களால் அடித்து அணைத்தும் உழைத்து வந்துள்ளனர். இன்று கந்தாசிரமத்தின் பக்கமும் வலம் வரும் வழியின் பல இடங்களிலும் பசுமை மீண்டும் தழைத்திருத்தல் அவ்வுழைப்பின் பயன்.

மரம் நடுதலால் மேலும் மழை வரும் என்று சிலர் கூறுவர். 15 சதுர கிலோமீட்டர்க் காடு பருவக்காற்றை அழைத்து வரும் என எண்ணுதல் தவறு. அக்காற்று பெருங்கடலினின்று வருவது. காடு செய்வது வேறு: வந்த மழையின் துளி மண்ணைத் தாக்காமல் இலையால் தாங்குகிறது, சருகால் அதன் ஓட்டத்தைத் தளர்த்துகிறது, வேர்வழியே வெடிப்புக்குள் இறக்குகிறது. மழையின் அளவை நம்மால் கூட்டவோ குறைக்கவோ இயலாது. அது தங்கும் காலத்தை நீட்டுதல் நம்மால் இயலும். இக்கட்டுரை சொல்ல முற்பட்ட பொருள் இதுவே.

முடிவுரை

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்திற்கு அடுத்து வான் சிறப்பை வைத்தார். மழையைப் போற்றுதல் நமக்குப் பழைய வழக்கம். அதனை அளத்தல் புதிய வழக்கமாக வேண்டும். மாணவராகிய நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. நேர்ச்சுவருடைய ஒரு பாத்திரத்தைத் திறந்த வெளியில், மரத்திற்கும் சுவருக்கும் அப்பால் வைத்து, நாள்தோறும் காலை 8½ மணிக்கு அதில் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்து வருவோம். அம்மழை மாலை இடியோடு வந்ததா, வாடையோடு வந்ததா என்பதையும் குறிப்போம். ஒரு மாதத்தில் அது விளையாட்டாகத் தோன்றும்; ஐந்தாண்டில் ஊருக்குப் பயன்படும் ஏடாகும். அத்துடன், நம் ஊர் ஏரிக்கு நீர் வரும் கால்வாய் எது, அது எங்கே அடைபட்டுள்ளது என்பதை ஒருமுறையேனும் காலால் நடந்து கண்டறிவோம்.

வானம் தன் கடமையை ஆண்டுக்கு இருமுறை செய்ய முயல்கிறது. சில ஆண்டு தவறுகிறது. சில ஆண்டு மிகைபடச் செய்கிறது. அதனைத் தாங்கும் சரிவையும், ஏற்கும் குளத்தையும், விலகி நிற்கும் குடியிருப்பையும் அமைத்தல் நம் கடமை. அதனைச் செவ்வனே செய்தால், அடுத்த பெருமழையின் மறுநாட் காலையில் அண்ணாமலையடியில் நிற்போர் அருவியை மட்டுமே காண்பர்.